காதில் விட்ட தண்ணீர்

சுரங்கத்தில் நான் சூப்பர்வைசர். சில வருஷம் முன்பு, கன்வேயர் படியேறும்போது கான்ட்ராக்ட் தொழிலாளி செல்வம் தள்ளாடினான்.

“குடிக்கலைங்க சார், தலை சுத்துது.”

ஊதச் சொன்னேன், வாடையே இல்லை. நான் நிறையப் புத்தகம் படித்தவனாயிற்றே, மூக்கை நம்பாமல் மூளையை நம்பி, அவன் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டு வேலையை விட்டே அனுப்பிவிட்டேன்.

போன வருஷம் அதே படியில் நானே தள்ளாடினேன். டாக்டர் என் வலது காதில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கண்ணைப் பார்த்தார்.

“காது நல்லா இருந்தா கண்ணு தானா ஆடணும். உங்களுக்கு அசையல. உள்ளே சமநிலை பாக்குற உறுப்பு செத்துப்போச்சு சார். திரும்ப வராது.”

நான் பர்மனென்ட், உட்கார நாற்காலி கொடுத்தார்கள். செல்வத்திடம் மன்னிப்புக் கேட்க அவன் ஊரான மந்தாரக்குப்பம் போனேன். கட்டட வேலைக்குப் போன செல்வம், சாரத்திலிருந்து விழுந்து இறந்திருந்தான். அதைச் சொன்ன அவன் மனைவி, வாசலில் நான் ஆடுவதைப் பார்த்தாள்.

“குடிச்சிட்டு வந்திருக்கீங்களா?”

“இல்லீங்க, தலை சுத்துது” என்றேன்.

கதவைச் சாத்திக்கொண்டாள். நம்பச் சொல்லிக் கேட்க எனக்கென்ன யோக்கியதை?