பங்கு வைத்த வசனம்

வசனத்தைப் பங்கு வைக்கலாம் என்பதை நான் எங்கள் சங்கத்தில்தான் தெரிந்துகொண்டேன். திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வருஷா வருஷம் ஆண்டு விழா நடத்துவோம். அதற்கு நாடகம் எழுதித் தரச் சொன்னார்கள். நான் மலையாளப் பள்ளிக்கூடங்களில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். தமிழில் கதை எழுதுகிறவள். நம்மையும் கூப்பிட்டார்களே என்று வாயெல்லாம் பல்லாகப் போனேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

நாடகத்தின் கதை சின்னது. கோட்டைப் பக்கம் ஒரு பழைய வீடு. அம்மா இறந்து காரியமெல்லாம் முடிந்த மறுநாள், அண்ணன், தம்பி, தங்கை மூவரும் கூடத்தில் உட்கார்ந்து வீட்டை விற்பது பற்றிப் பேசுகிறார்கள். அந்த அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அண்ணன் மனைவி. அவள் நாடகம் முழுக்கக் காப்பி கொண்டு வருகிறாள், இலை போடுகிறாள், பரிமாறுகிறாள், இலை எடுக்கிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. எல்லாம் முடிவான பிறகு, கேட்கவில்லை என்று இருக்கக் கூடாதே என்பதற்காக அண்ணன் அவளிடம், "நீ என்ன சொல்றே?" என்கிறார். அவள் சொல்கிறாள்: "நான் இன்னும் சாப்பிடலை." திரை விழுகிறது.

இந்த ஒரு வரிக்காகத்தான் மொத்த நாடகத்தையும் எழுதினேன். மற்ற மூவரையும் வாய் ஓயாமல் பேச வைத்ததும் இதற்காகத்தான். அண்ணன் கேள்வியும் கேட்பார், பதிலையும் தானே சொல்லிக்கொள்வார். தம்பி வெளிநாட்டில் இருக்கிறவன். சங்கடமான விஷயம் வந்தால் மட்டும் அவன் பேச்சு இங்கிலீஷுக்குத் தாவிவிடும். தங்கை, "எனக்கொண்ணும் வேண்டாம்" என்று தொடங்காமல் எதையும் கேட்க மாட்டாள். பெயரை மறைத்துவிட்டு வசனத்தை மட்டும் படித்தாலும் யார் பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டும் என்பது என் பிடிவாதம். அதற்காகப் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர்கள் பேசுவதை ஒட்டுக் கேட்டுக்கொண்டே போய், இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டிருக்கிறேன். ஒருவருடைய வசனத்தை எடுத்து இன்னொருவர் வாயில் வைத்தால் ஒட்டாது. ஒட்டினால் நான் சரியாக எழுதவில்லை என்று அர்த்தம்.

ஒத்திகை, சாலை என்று பெயர் கொண்ட கடைத்தெருவில் எங்கள் செயலாளரின் ஜவுளிக் கடை மாடியில் நடந்தது. துணி பேல்களை ஒரு ஓரமாகத் தள்ளி இடம் பண்ணிக் கொடுத்திருந்தார். அண்ணன் வேஷத்தைச் சங்கத் தலைவர் கேட்டு வாங்கிக்கொண்டார். கோட்டை அக்ரகாரத்தில் பிறந்து, பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அண்ணன் மனைவியாக அவருடைய மனைவியையே போட்டோம். நிஜத் தம்பதி என்றால் மேடையில் கூச்சம் இருக்காது என்று நான்தான் யோசனை சொன்னேன்.

முதல் நாளே கீழேயிருந்து சாயாவும் சுடச்சுடப் பழம்பொரியும் வந்தன. தட்டைத் தலைவரின் மனைவியிடம் நீட்டி, "எடுத்துக்கிடுங்க மாமி" என்றேன். அவர் கை நீட்டினார்.

"அவளுக்கு வேண்டாம் டீச்சர்" என்றார் தலைவர். "எண்ணெய்ப் பலகாரம் அவளுக்கு ஆகாது. என்னத்துக்கு ஆகாது? அசிடிட்டி."

நீட்டிய கை திரும்பிப் போனது. தலைவர் இரண்டு எடுத்துக்கொண்டார். பிறகு நான் மாமியிடம், "மூட்டு வலின்னு சொன்னாங்களே, இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "குறைஞ்சிருக்கு" என்று தலைவர் சொன்னார். யாருடைய மூட்டைப் பற்றிக் கேட்டேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மாமி புடவைத் தலைப்பின் நுனியை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்த இடத்தில் எதற்கு என்று அடக்கிக்கொண்டேன்.

அடக்கியிருக்கக் கூடாது. அடுத்த வாரமே தலைவர் என் நாடகத்தில் கை வைத்தார்.

"டீச்சர், இதென்ன நியாயம்? எங்காத்துக்காரிக்கு ஒரே ஒரு வரி, அதுவும் கடைசியிலே. பாக்கறவா என்ன நினைப்பா? தலைவர் ஆத்துல இருக்கறவளுக்குப் பேசவே தெரியாதுன்னாக்கும் நினைப்பா. வாயுள்ள பிள்ளைதானே பிழைக்கும்?"

அவள் பேசாமலிருப்பதுதான் நாடகம் என்று விளக்கினேன். தலைவர் சிரித்தார். செயலாளர் சமாதானத்துக்கு வந்தார். அவர் தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்து சாலையில் கடை போட்ட குடும்பம். வாடிக்கையாளரை மட்டும் அல்ல, யாரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்கிற ரகம்.

"டீச்சரே, ஒண்ணும் நெனைக்காதீங்க. எல்லாருக்கும் ஒரேபோல வசனம் வச்சா பிரஸ்னம் தீர்ந்துல்லா? பந்தியில ஒருத்தருக்குப் பாயசமும் ஒருத்தருக்கு மோரும் ஊத்துனா, மோரு வாங்குனவன் எந்திச்சிப் போயிர மாட்டானா? நானே அட்ஜஸ்ட் பண்ணிக் கொண்டாந்துட்டேன், பாருங்க."

பார்த்தேன். தங்கையின் வசனத்தில் பாதியை வெட்டி அண்ணன் மனைவிக்குக் கொடுத்திருந்தார். தங்கையாக நடித்த பெண்ணுக்கும் மனப்பாடம் செய்யும் சுமை குறைந்தது. ஆகவே எல்லாருக்கும் திருப்தி. "எனக்கொண்ணும் வேண்டாம், அம்மாவோட வைரத் தோட்டை மட்டும் கொடுத்துடுங்கோ" என்று, வருஷக்கணக்கில் மாமியாருக்குக் கஞ்சி புகட்டியவள் இப்போது கேட்கிறாள். ஒரே கத்தரிக்கோலில் ஒரு மனுஷியைப் பேராசைக்காரி ஆக்கிவிட்டார். கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லாமல் செய்தார். அதுதான் என்னை இன்னும் எரித்தது.

கடைசிப் பக்கத்தில் இன்னொரு கொடுமை காத்திருந்தது. "நான் இன்னும் சாப்பிடலை" என்ற வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் தலைவர் தன் கைப்பட ஒரு முழு நீள வசனம் எழுதியிருந்தார். அண்ணன் மனைவி சபையைப் பார்த்துப் பேச வேண்டியது: "குடும்பம்னா என்ன? கோவில். கோவில்னா என்ன? பொறுமை. பொறுமைன்னா யாரு? பொம்மனாட்டி." இப்படியே கீழே வரைக்கும் போனது. கேள்வி, பதில், கேள்வி, பதில்.

"சார், இதை அவங்க பேசல. நீங்க பேசுறீங்க" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. கீழே கடையில் துணி கிழிக்கிற சத்தம் நின்றது.

"அவ என்ன பேசணும்னு எனக்குத் தெரியாதா டீச்சர்? இத்தனை வருஷமா நானாக்கும் குடித்தனம் பண்ணிண்டிருக்கேன்."

மாமி அங்கேயேதான் இருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், ஒரு துணி பேலின் மேல் உட்கார்ந்திருந்தார்.

வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்கிய தொண்டை எனக்கு. அன்று அதை முழுசாகத் திறந்தேன். தங்கையின் வசனத்தைத் தங்கையிடம் திருப்பிக் கொடுக்காவிட்டால் நாடகமே கிடையாது, அழைப்பிதழ் அச்சடித்தாகிவிட்டது என்ற கதையெல்லாம் என்னிடம் வேண்டாம் என்றேன். செயலாளர் பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்தார். கடைசி வசனத்தை மட்டும் தலைவர் விடவில்லை. அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். உதறிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் என் ஒற்றை வரியை அவரிடம் அநாதையாக விட்டுவிட்டு வர மனம் ஒப்பவில்லை.

அன்று சாயங்காலம் கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். தலைவர் காரை எடுக்கப் போயிருந்தார். மாமி என் பக்கத்தில் வந்து நின்றார். இந்தச் சந்தர்ப்பத்தை விடக் கூடாது என்று கேட்டேன்.

"மாமி, நீங்க சொல்லுங்க. என் வரியா, சாரோட வசனமா? உங்களுக்கு எது வேணும்?"

மாமி கார் வருகிறதா என்று பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரெண்டும் பாடமாயிடுத்து" என்றார்.

அவ்வளவுதான். அவராகப் பேசி நான் கேட்ட முதல் வாக்கியம் அது. கார் வந்து நின்றது. தலைவர் கண்ணாடியை இறக்கி, "என்ன சொல்லிண்டிருந்தா டீச்சர்? மூட்டு வலியைத்தானே சொல்லியிருப்பா" என்றார். என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரங்களை எல்லாம் படீர் படீரென்று கவிழ்த்து வைத்தேன்.

விழா அன்று அரங்கு நிறைந்திருந்தது. நான் பக்கத் திரைக்குப் பின்னால், யாருக்காவது மறந்தால் எடுத்துக் கொடுப்பதற்காக, தலைவர் எழுதிய தாளோடு நின்றேன். நாடகம் நன்றாகவே போனது. தங்கை "எனக்கொண்ணும் வேண்டாம்" என்ற போதெல்லாம் அரங்கில் பெண்கள் சிரித்தார்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் அப்படி ஒருத்தி இருப்பாள் போலிருக்கிறது. மாமி பரிமாறினார், இலை எடுத்தார். நடித்த மாதிரியே இல்லை. இரண்டாம் முறை குனிந்து இலையை மடித்தபோது சபை சிரிப்பதை நிறுத்தியிருந்தது.

தலைவர் அவர் பக்கம் திரும்பி, "நீ என்ன சொல்றே?" என்றார்.

மாமி குழம்புப் பாத்திரத்தோடு நின்றார். தலைவர் திரைப் பக்கம் என்னைப் பார்த்தார். எடுத்துக் கொடுப்பது என் வேலை. நான் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

தலைவர் குரலைத் தணித்து, "குடும்பம்னா என்ன... சொல்லேன்" என்றார். சட்டைக் காலரில் மைக் மாட்டியிருந்ததை மறந்துவிட்டார். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. "கோவில்னு சொல்லு. சொல்லுடி."

பின்னால் இளவட்டங்கள் சிரித்தார்கள். மாமி பாத்திரத்தைத் தரையில் வைத்தார். நிமிர்ந்து, சபையைப் பார்க்காமல், அவரைப் பார்த்தார்.

"நான் இன்னும் சாப்பிடலை."

நான் சொல்லிக் கொடுத்த தொனி அது இல்லை. மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொல்லச் சொல்லியிருந்தேன். மாமி அதைப் பதில் போலச் சொன்னார்.

அங்கே திரை விழுந்திருக்க வேண்டும். கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த செயலாளர், நீள வசனம் வரும் என்று காத்திருந்தார். மேடையில் ஏதாவது பேசியாக வேண்டுமே. தலைவர் சபையைப் பார்த்துச் சிரித்தார். பழகிய வாய்.

"அவ சாப்டாச்சு" என்றார். "அவ அப்பவே சாப்டாச்சு."

ஒருவரும் சிரிக்கவில்லை. முன் வரிசையில் ஒரு அம்மாள், "ஐயோ பாவம்" என்றது எனக்குக் கேட்டது. யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. அப்போதுதான் திரை விழுந்தது.

எத்தனை மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு அந்த அண்ணனை எழுதினேன். அவருடைய கடைசி வரியை நான் எழுதவில்லை. தோன்றியிருந்தாலும், இவ்வளவு வெட்ட வெளிச்சமாக எந்த மனுஷன் பேசுவான் என்று அடித்திருப்பேன். அதை அவரே வந்து, மைக்கில், முந்நூறு பேருக்கு முன்னால் சொல்லிவிட்டுப் போனார். சொன்னதுகூடத் தெரியாமல் போனார். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

மறுநாள் காலை சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் தலைவர் எழுதியிருந்தார்: "நேற்றைய நாடகத்தில் என் மனைவி மேடைக் கூச்சத்தால் வசனத்தை மறந்துவிட்டாள். அவள் சார்பில் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்." அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடுகள். "பரவாயில்லை சார்." "சகஜம் சார்." செயலாளர் ஒரு ரோஜாப்பூ போட்டிருந்தார்.

உடனே ஒரு பதில் அடித்தேன். போதவில்லை என்று அழித்துவிட்டு, அதைவிடக் காரமாக இன்னொன்று அடித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மாமியின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. குழு தொடங்கிய நாளிலிருந்து அந்த எண்ணிலிருந்து ஒரு வணக்கம்கூட வந்ததில்லை.

"மறக்கலை" என்று இருந்தது.

நான் அடித்ததை அழித்துவிட்டேன்.