குலவையும் விக்கலும்

மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த அவசரகாலம் அது. ஊரடங்கு தொடங்குமுன் கல்யாணத்தை முடித்தாக வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் கம்போங் ராஜா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து லோரியில் வந்துகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. அப்பா பார்த்துவிட்டார், அது போதும் என்றார்கள். எனக்குப் போதவில்லை. என்னை யார் கேட்டார்கள்?

எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி. வாசலில் அன்று காலைதான் மாற்றலாகி வந்திருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் காவல் நின்றார்கள். எல்லாம் என் வயதுப் பிள்ளைகள்.

லோரி வந்து நின்றது. பட்டுக்கரை வேட்டிகளோடு ஐந்தாறு ஆண்கள் குதித்து இறங்கினார்கள். மாப்பிள்ளை வீட்டார் மண்ணை மிதித்ததும் குலவை போட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதைச் சிப்பாய்களிடம் சொல்லிவைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கொழுந்து பறிக்கிற பெண்கள் அத்தனை பேரும் நாக்கைச் சுழற்றி ஒரே மூச்சில் குலவையிட்டார்கள். மலையே அதிர்ந்தது. எனக்குப் புல்லரித்துப்போயிற்று!

சிப்பாய்களோ தடாலென்று தரையில் விழுந்தார்கள். காட்டிலிருந்து கம்யூனிஸ்டுகள் தாக்க வருகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள் போலும். துப்பாக்கிகள் எல்லாம் லோரிப் பக்கம் திரும்பின. இறங்கியவர்கள் சேற்றில் முழங்காலிட்டுக் கைகளைத் தூக்கினார்கள். குலவை அறுந்துபோனது.

"தொரை, சுட்டுராதீங்க! வெட்டிங் லா, வெட்டிங்!" என்று கங்காணி கத்தினார். யாரும் துப்பாக்கியைத் தாழ்த்தவில்லை.

நான் அத்தையின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். இதில் என்னுடையவர் யார்? யாருக்காக நான் சாமி கும்பிட வேண்டும்? அதுகூட எனக்குத் தெரியவில்லை.

அப்போது அந்த அமைதியில் "ஹிக்" என்று ஒரு விக்கல். முழங்காலிட்டிருந்தவர்களில் ஒருவருக்குப் பயத்தில் வந்தது. அடக்கப் பார்த்தார், இன்னும் பலமாக வந்தது. படுத்திருந்த ஒரு சிப்பாயின் உதடு துடித்தது. அடுத்த விக்கலுக்கு அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவனும் சிரித்தான். துப்பாக்கிகள் தாழ்ந்தன. முழங்காலிட்டிருந்தவர்களும் சிரித்தார்கள், வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் பெண்களும் சிரித்தார்கள். அதற்கு யாரும் யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அத்தை என் காதில் சொன்னாள்: "விக்கிக்கிட்டு இருக்குது பாரு, அதான்டி ஒன் மாப்பிள்ளை!"

தலைகுனிந்து நிற்க வேண்டிய மணப்பெண் நான், கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். கையை இறக்க மறந்து, விக்கலோடு சேர்த்து அவரும் சிரித்தார். இந்த ஆளோடு வாழ்ந்துவிடலாம் என்று அப்போதே எனக்குத் தோன்றிவிட்டது.