பிள்ளையார்பாளையம் புவனா, துகள் இயற்பியல்

புவனா இறந்துவிட்டாள். இன்று காலை.

அவள் தம்பி தணிகைவேல் போன் செய்தான். “அக்கா... அக்கா...” என்று இரண்டு தடவை கூப்பிட்டான். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. பின்னால் அவர்கள் அம்மா அழுகிற சத்தம். அதிலேயே தெரிந்துவிட்டது.

ஹார்ட் அட்டாக். குளித்துவிட்டு வந்து, காபி கேட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தவள்...

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வாலாஜாபாத்தில் பஸ் ஏறினேன். டிக்கெட் எடுத்தேன். ஜன்னல் சீட் கிடைத்தது. எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது.

அவளைத் தெரியாதவர்களுக்கு... புவனா துகள் இயற்பியல் ஆராய்ச்சியாளர். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். அப்பாவும் தம்பியும் பட்டு நெய்கிறவர்கள். நானும் அவளும் மும்பையில் ஒன்றாக பிஎச்.டி. செய்தோம். ஒரே ஹாஸ்டல் ரூம்.

படிக்கும்போதே எங்கள் இரண்டு பேரையும் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பினார்கள். அங்கே பூமிக்கு அடியில் வட்டமாக ஒரு சுரங்கம். அதில் புரோட்டான்களை ஓடவிட்டு மோத வைப்பார்கள். மோதலில் சிதறி வருவதையெல்லாம் பதிவு செய்ய, மாடி மாடியாக உயர்ந்து நிற்கும் ஒரு டிடெக்டர்.

புவனாவுக்கு அதில் கேஸ் லீக் பார்க்கும் வேலை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு, குழாய் இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷால் தடவ வேண்டும். குமிழி வந்தால் லீக்.

இண்டு இடுக்கில் நாள் முழுக்கப் படுத்துக் கிடப்பாள். திடீரென்று உள்ளேயிருந்து குரல் வரும்.

“மாட்டிக்கினியா!”

குமிழியைப் பார்த்துத்தான்.

கூட வேலை செய்த ஒரு இத்தாலிக்காரர் அதை ஏதோ டெக்னிக்கல் வார்த்தை என்றே நினைத்துக்கொண்டிருந்தார். லீக் கிடைத்தால் அவரும் “மாத்திக்கினியா!” என்று கத்த ஆரம்பித்துவிட்டார். நாங்கள் திருத்தவில்லை.

பிஎச்.டி. முடித்ததும் நான் காலேஜ் வேலைக்கு வந்துவிட்டேன். அவள் அங்கேயே தங்கி, ஒரு புதுத் துகளைத் தேடும் குழுவில் சேர்ந்தாள்.

சில வருஷம் கழித்து, அவர்களுடைய கிராஃபில் ஒரு இடத்தில் கோடு லேசாக எழும்பியிருந்தது. சின்ன மேடு. நிஜமாகவே புதுத் துகளாக இருக்கலாம். வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். இன்னும் ஏராளமான மோதல்களைப் பதிவு செய்து பார்த்தால்தான் தெரியும்.

அந்த மேட்டோடுதான் புவனா இரண்டு வருஷம் வாழ்ந்தாள். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தபோதுகூட “இது ஒண்ணு முடியட்டும்மா” என்றுதான் சொன்னாள்.

புது டேட்டாவைத் திறந்து பார்க்கும் நாள் வந்தபோது அவள் காஞ்சிபுரத்தில் இருந்தாள். அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன். வீடியோ காலில்தான் பார்க்க வேண்டும். என்னை வரச் சொன்னாள்.

“நீ ஒண்ணும் பேச வாணாம். சும்மா பக்கத்துல உக்காருடி, போதும்.”

மத்தியான நேரம். சத்தம் வீடியோவில் கேட்கும் என்று தணிகைவேல் தறியை நிறுத்திவிட்டு வந்து நின்றான். அம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி எங்களுக்குப் பின்னால். திரையில் நிறைய முகங்கள். யாரோ கிராஃபைக் காட்டினார்கள்.

கோடு வழவழவென்று இறங்கிப் போனது. மேடு இல்லை.

புவனாதான் முதலில் பேசினாள். இங்கிலீஷில், ரொம்பத் தெளிவாக. எல்லோருக்கும் நன்றி, பேப்பர் எழுத ஆரம்பிக்கலாம் என்றாள். லேப்டாப்பை மூடினாள்.

“என்னாம்மா ஆச்சு?” என்று அம்மா கேட்டார்.

“நாங்க தேடினது அங்க இல்லம்மா.”

“அதுக்கா மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருக்கற? வேற எங்கனா இருக்கும். தேடு.”

புவனா சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. அப்புறம் அது அழுகையாயிற்று. அதுவும் நிற்கவில்லை. தணிகைவேல் உள்ளே போய் தறியில் உட்கார்ந்தான். நெய்யவில்லை... சும்மா உட்கார்ந்திருந்தான்.

‘அங்கே இல்லை’ என்று உறுதியாகச் சொல்வதற்கும் அத்தனை வேலை இருக்கிறது. அந்தப் பேப்பரை முடிக்க இன்னொரு வருஷம் ஆனது. முடித்தாள். கான்ட்ராக்டும் முடிந்தது. ஊருக்கு வந்தாள். கொஞ்ச நாள் வேலை இல்லாமல் இருந்தாள். அப்புறம் சென்னையில் ஒரு லேபில் புது டிடெக்டர் கட்டும் வேலை. தினமும் ட்ரெயின்.

போன வாரம்தான் அதிலிருந்து முதல் சிக்னல் வந்தது. ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தாள். என் போனில் இருக்கிறது. இன்னும் திறந்து பார்க்கவில்லை.

இன்று வீட்டுக்குள் நுழைந்ததும் தணிகைவேல் என்னைத் தனியே கூப்பிட்டான். அஞ்சலி போஸ்டர் அடிக்கக் கொடுக்க வேண்டும்.

“அக்கா, பேருக்குக் கீழ என்னா போடணும்? எங்களுக்குச் சரியா சொல்லத் தெரியல.”

பிரஸ்காரரிடம் போனில் நானே பேசினேன். “துகள் இயற்பியல் விஞ்ஞானின்னு போடுங்க.”

“தூளாம்மா?”

“துகள்... து, க, ள்.”

“புரிஞ்சிதும்மா. நல்லா பண்ணித் தரேன்.”

போஸ்டர் வந்தது. எழுத்துப் பிழை இல்லை. நடுவில் புவனாவின் பாஸ்போர்ட் போட்டோ. இந்தப் பக்கம் குத்துவிளக்கு. அந்தப் பக்கம்... ஒரு ராக்கெட். நெருப்பைக் கக்கிக்கொண்டு மேலே போகிறது.

தணிகைவேல் முகம் சிறுத்துவிட்டது. “மாத்தச் சொல்லட்டா அக்கா?”

அம்மா அதை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

“இருக்கட்டும்பா. அவருக்குத் தெரிஞ்சத போட்டுக்கிறாரு.”

ஒட்டிவிட்டார்கள்.

சாயங்காலம் அவளை எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். டீக்கடைச் சுவரில் போஸ்டர். பசை காயவில்லை. ஒரு மூலை பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. கையால் அழுத்திவிட்டேன்.

போய் வா புவனா.