காப்புக் கட்டிய குப்பம்

அண்ணனின் ஓராண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே! அழுதுகொண்டே எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அண்ணன் கதையை எடுத்தாலே உடம்பெல்லாம் துள்ளுகிறது, நான் என்ன செய்ய!

திருவொற்றியூர்க் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவர் அண்ணன். நைனா கடலோடு போய்விட, இளவயதிலேயே துறைமுகத்தில் மூட்டை தூக்கி எங்களைக் காப்பாற்றினார். "பொட்டப்புள்ளைக்குப் படிப்பு எதுக்கு?" என்றவர்களை ஒரு முறை முறைத்துவிட்டு என்னைப் பள்ளியில் சேர்த்தார். அதனால்தான் இன்று இதை எழுதுகிறேன்.

அந்த ஆடி மாதத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அம்மன் திருவிழா நெருங்கும்போது குப்பத்தில் வாந்திபேதி புகுந்தது. சாவு மேல் சாவு. பயந்த சனம் ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் உறவினர் வீடு தேடி ஓட மூட்டை கட்டியது. போகிறவர்களோடு நோயும் போகுமே! அண்ணன் குப்பத்துப் பெரியதனக்காரரிடம் ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"மாமா, கப்பல்ல வாந்திபேதின்னா மஞ்சக் கொடி ஏத்தி நடுக்கடல்லயே நிறுத்திடறாங்க. ஒரு ஆளை எறங்க வுட மாட்டாங்க. நம்ப குப்பத்தையும் அப்டி நிறுத்தணும்."

"சர்க்காரே சொன்னாலும் இந்த சனம் கேக்காதுடா."

"நம்ப அம்மன் சொன்னா கேக்கும். காப்பை இன்னிக்கே கட்டிடு மாமா."

அடடா, பெரியதனக்காரர் துள்ளி எழுந்தார்! திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் குப்பத்தார் எல்லை தாண்டக்கூடாது, வெளியாள் உள்ளே வரக்கூடாது என்பது நம் வழக்கமாயிற்றே. அன்று மாலையே அம்மனுக்கும் ஆண்கள் கையிலும் மஞ்சள் காப்பு ஏறியது. எல்லையில் வேப்பிலைத் தோரணம். கட்டிய மூட்டைகள் அவிழ்ந்தன. அண்ணன் பழைய ஊற்றுக்குழியை மூடி, மேட்டில் புதிதாகத் தோண்டினார். காய்ச்சாத தண்ணீரைக் குடித்தவனை வாயில் வந்தபடி திட்டினார்.

மறுநாளே தோரணத்துக்கு அப்பாலிருந்து ஒரு குரல். அண்ணி தலைப்பிரசவத்துக்கு ராயபுரத்தில் தாய்வீட்டில் இருந்தார். வந்தவர் அண்ணியின் தகப்பனார்.

"மாப்ளே! பொண்ணுக்கு வலி கண்டுட்ச்சு. ரொம்ப பேஜாரா கீது. உன்னியேதான் கேக்குது. ஓடியா!"

அண்ணன் தோரணம் வரை ஓடி, அங்கேயே நின்றார்.

"போய்ட்டு வாண்ணா, யாரு இன்னா கேக்கப் போறாங்க?" என்று கத்தினேன். பெரியதனக்காரர்கூடத் தலையாட்டினார்.

"நா போனா நாளைக்கு ஊரே போவும். புள்ளை பொறக்கற வூட்டுக்கு இந்தச் சீக்கையா எடுத்துகினு போவேன்?" என்று மணலில் உட்கார்ந்து அழுதார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அடித்தே இருப்பேன்!

கோபத்தோடு போன மாமனார், சேதி சொல்லக்கூடத் திரும்ப வரவில்லை. தாயும் பிள்ளையும் இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாமலே அண்ணன் தினமும் ஊற்றடியில் காவல் நின்றார். நோய் மெல்ல மெல்ல அடங்கியது. எல்லை தாண்டி ஒரு வீட்டுக்கும் போகவில்லை.

காப்பு அவிழ்த்ததும் அண்ணன் ஓடினாரே ஓட்டம்! மேளக்காரர்கள் உட்படக் குப்பமே பின்னால் ஓடியது. ராயபுரத்து வாசலில் அண்ணி, மடியில் பிள்ளை!

"இப்பத்தான் வயி தெரிஞ்சிதா ஒனக்கு?"

நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார் அண்ணன். "வெந்நி குடு. கை கால் கய்வினு வந்து தூக்கறேன்."

கடைசிக் காய்ச்சலிலும் அதே ஆள்தான். பார்க்க வந்தவர்களை "எட்ட நில்லுங்கோ" என்று விரட்டினார். விரட்டியும் போகாமல் தோள்கொடுத்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் கண்ணீர் கலந்த நன்றி.

இன்று வாசலில் வெந்நீர் ஊற்றி உங்களைக் கை கழுவச் சொல்லி, பிறகுதான் இந்த நினைவு மலரைக் கொடுத்தானே ஓர் இளைஞன், அவன்தான் அந்தப் பிள்ளை.