நான் காட்டிய பாயிண்ட்

என் கையில் தேங்காய் நிற்கும். உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு நடந்தால், அடியில் தண்ணீர் இருக்கும் இடத்தில் குடுமி மேலே பார்க்க எழுந்து நிற்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்த இடத்துக்குப் பாயிண்ட் என்று பேர். அங்கேதான் போர் போடுவார்கள். நான் ஏழாவதோடு நின்றவன். போர் வண்டியில் பைப் மாட்டும் வேலை. தேங்காய் நின்றதால்தான் வண்டியில் எனக்கு ஒரு மரியாதை.

அதற்காகத்தான் வண்டி மேனேஜர் என்னை ஆப்பிரிக்காவுக்குக் கூட்டிப் போனார். அவர் கீழ்பென்னாத்தூர்க்காரர். போனது மேற்கு ஓரத்தில் ஒரு நாடு. பேர் எழுதவில்லை. எழுதினால், அங்கெல்லாம் அப்படித்தான் என்பீர்கள். அப்படி இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அரசாங்க வேலை. கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்குப் போர் போட்டு அடிபம்ப் வைக்க வேண்டும். நான் சொல்லும் ஆஸ்பத்திரியில் ரெண்டு ரூம். டாக்டருக்கு நாற்காலி இருந்தது, டாக்டர் இல்லை. ஒரே ஒரு நர்ஸம்மா. குட்டைத் தண்ணீரைக் காய்ச்சிப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வருஷமாகத் தண்ணீர் கேட்டு எழுதிப்போட்டாராம். எங்கள் வண்டி உள்ளே வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

செம்மண் பூமி. மேனேஜர் மாமர நிழலில் நின்று வேர்வை துடைத்துக்கொண்டிருந்தார். நான் தேங்காயோடு நடந்தேன். மாமரத்துக்குப் பக்கத்தில் எழுந்து நின்றது. அங்கிருந்து ஆஸ்பத்திரி கக்கூஸ் குழி பன்னிரண்டு எட்டு வைக்கும் தூரம்.

நர்ஸம்மா ஓடிவந்தார். கக்கூஸ் சுவரைக் கையால் தட்டினார். அங்கிருந்து சத்தமாக எண்ணிக்கொண்டே முப்பது எட்டு வைத்து நடந்தார். குதிகாலால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். பாஷை தெரியாதவனுக்கும் புரியும். அந்தப் பக்கம் மேடு, சோளக்கொல்லை. வண்டி ஏற்ற அரை நாள் ஆகும்.

மேனேஜரிடம் சொன்னேன்.

"ஏன்டா, தேங்கா இங்க நிக்குது, நர்ஸம்மா அங்க நிக்குது. எது காட்டுற எடத்துல தண்ணி வரும்?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் தேங்காய் தோற்கக் கூடாது என்று எனக்கு.

இடம் பார்த்துச் சொல்ல வேண்டிய இன்ஜினீயர் போர் போட்டு முடித்த பிறகு வந்தார். ஜீப்பை விட்டு இறங்காமலே கையெழுத்துப் போட்டார். பாறை வரைக்கும் கேசிங் பைப் இறக்க வேண்டும். அப்போதுதான் மேல்தண்ணி உள்ளே கசியாது. நாங்கள் கம்மியாக இறக்கினோம். தண்ணீர் ஜாஸ்தி வந்தது. ஊர் ஜனம் ஆடியது. திறந்து வைக்கப் பெரிய மனுஷர் வருவதாகச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு முன்பக்கம் மட்டும் சுண்ணாம்பு அடித்தார்கள்.

மழை பிடித்தது. மூணாவது வாரம் வாந்தி பேதி. நாங்கள் பக்கத்து ஊரில் வேலையாக இருந்தோம். நர்ஸம்மா யாரோ ஒருவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து சேறும் சகதியுமாக வந்தார். பம்ப் கைப்பிடியைக் கழற்றச் சொன்னார். அதற்கான ஸ்பேனர் எங்களிடம்தான். என் பையிலேயே இருந்தது.

மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. "கவர்மெண்ட்டு பம்பு. நாளைக்குக் கேஸு வந்தா நீ போவியா? லெட்டர் வரட்டும்," என்றார்.

நர்ஸம்மா ஜில்லா ஆபீசுக்குப் போனார். திறப்பு விழா முடியட்டும் என்றார்களாம். திரும்பி வந்து பம்பில் கயிறு கட்டி வைத்தார். ஜனம் அவிழ்த்தது. நாலு வருஷம் கேட்டு வந்த தண்ணீர், விடுவார்களா. அஞ்சாம் நாள் லெட்டர் வந்தது. நான்தான் போய்க் கழற்றினேன். பத்து நிமிஷ வேலை.

அதற்குள் ஒரு குழந்தை போய்விட்டது. நர்ஸம்மா கையில் பிறந்த குழந்தை. ஒன்றரை வயசு.

அவர் என்னைத் திட்டவில்லை. "யூ நோ," என்றார். "யூ நோ வாட்டர்." உனக்குத் தண்ணீர் தெரியுமே என்கிறார், எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரியும். திட்டியிருக்கலாம்.

தேங்காய் ஏன் அங்கே நின்றது என்று ரொம்ப நாள் யோசித்தேன். வண்டி நிறுத்தச் சுலபமான இடம் எது என்று மேனேஜர் முதலிலேயே பார்த்து வைத்துவிடுவார். அங்கேதான் போய் நிற்பார். என் கைக்கு அது தெரியும். தண்ணீர் தெரியாது. இத்தனை வருஷமும் அப்படித்தான் நின்றிருக்கிறது. ஊருக்குத் திரும்பிய பிறகு நான் தேங்காய் பிடிக்கவில்லை.

போன வருஷம் ஊர்ப்பக்கம் வேங்கிக்காலில் ஒரு டீக்கடை. மேனேஜரும் வேலை முடிந்து திரும்பியிருந்தார். கான்ட்ராக்டர்கள் ரெண்டு பேரிடம் ஆப்பிரிக்கா பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சுத்தம்னா இன்னான்னே தெரியாது அவங்களுக்கு. கக்கூஸ் பக்கத்துலயே தண்ணி அடிச்சுக் குடிப்பாங்க. அப்புறம் பேதியில போவாங்க."

என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார். கிரிவலப் பாதையில் புதுசாகக் கக்கூஸ் கட்டியிருக்கிறார்களாம். அதை ஒட்டியே போர் போட்டுப் பௌர்ணமிக்கு வருகிறவர்களுக்குக் குடிநீர்க் குழாய் வைக்கப் போகிறார்களாம். இடம் முடிவாகிவிட்டது. ஊர்க்காரர்களுக்காகத் தேங்காய் பிடித்துக் காட்ட வேண்டும். அவ்வளவுதானாம்.

"அங்க கக்கூஸ் பக்கத்துல போர் போட்டது யாருணா?" என்றேன்.

கான்ட்ராக்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வெளிநாட்டுக் கதை இங்க இன்னாத்துக்குடா?"

"கதை இல்லணா. ஒன்ற வயசுக் கொழந்தை."

"உன் தேங்காதானடா நின்னுச்சு?"

"ஆமா. என் தேங்காதான். நீ நின்ன எடத்துல நின்னுச்சு."

அவர் சிரித்தார். வெளிநாடு போய்வந்ததில் இவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று கான்ட்ராக்டரிடம் சொன்னார். நான் டீயைக் கீழே ஊற்றிவிட்டு வந்தேன்.

வேறு ஒருவனை வைத்துப் பாயிண்ட் காட்டினார்கள். போர் போட்டார்கள். குழாய் வைத்தார்கள். நான் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். குடிக்க லாயக்கில்லை என்று பேப்பர் வந்தது. குழாய் வைத்த ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் ஆள் வந்து பிடித்த தண்ணீராக இருந்தால்தான் செல்லும் என்றார் அங்கிருந்தவர். உங்கள் ஆள் எப்போது வருவார் என்றேன். லெட்டர் போட்டிருக்கிறோம் என்றார். எங்கே போனாலும் இந்த லெட்டர்.

பௌர்ணமி சாயங்காலத்தில் அந்தக் குழாயடிக்குப் போய் நிற்கிறேன். கால் கழுவுங்கள், குடிக்காதீர்கள் என்று சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள். பலர் கேட்பதில்லை. ரெண்டு தடவை போலீஸ் நகர்த்திவிட்டது. சுற்றி இன்னொரு பக்கமாக வந்து நின்றேன்.

போன மாசம் ஒரு பொம்பளை இடுப்பில் பிள்ளையோடு வந்து பாட்டிலை நிரப்பினாள். வேண்டாம்மா என்றேன்.

"நீ யாருய்யா சொல்றதுக்கு? குடிநீர்னு போர்டு வெச்சிருக்காங்க இல்ல?"

பேப்பரைக் காட்டினேன். படிக்கவில்லை. பிள்ளை பாட்டிலுக்குக் கையை நீட்டியது. நான் பிடுங்கி, தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு, பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தேன்.

கெட்ட வார்த்தையில் திட்டினாள். என் அம்மாவையும் சேர்த்துத் திட்டினாள். கூட்டம் நின்று பார்த்தது. நான் குழாயை விட்டு நகரவில்லை. அவள் காலி பாட்டிலோடு நடந்து போனாள்.