காட்டுக்குப் போகக்கூடாத நாட்கள்

சாவுத் தீட்டுக் காக்கும் துடக்குக்காரர் காட்டுக்கு வரக்கூடாது என்று சட்டம் போட்டது நான்தான். அதில் வேறு யாரையும் இழுக்க முடியாது.

குட்மேய்ஸில் நாங்கள் ஏழு பெண்கள். சீனி வருத்தம், முழங்கால் வலி என்று ஆளுக்கொன்று வைத்திருந்தோம். நடக்கச் சொன்னார் டொக்டர். பார்க்கைச் செக்குமாடு மாதிரிச் சுற்றி அலுத்துப்போய், ஞாயிறு காலைகளில் பஸ் ஏறி லண்டனின் ஓரத்திலிருந்த காட்டுக்குப் போகத் தொடங்கினோம். பிள்ளைகள் கழித்துவிட்ட சப்பாத்து, சுரிதாருக்கு மேல் தடித்த கோட், பையில் தேத்தண்ணிப் பிளாஸ்க். அங்கே எங்கள் நிறத்தில் வேறு ஒருவரும் இல்லை. கிழட்டு நாயோடு வரும் ஒரு வெள்ளைக்காரர் ஒவ்வொரு வாரமும் மறித்து, வழி தவறிவிட்டீர்களா என்று கேட்பார். அன்பாகத்தான் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் மரம் விழுந்து பாதை அடைபட, அவர் தடுமாறி நின்றார். நான் வேறு பாதை காட்டி அனுப்பினேன். அதற்குப் பிறகு அவர் அப்படிக் கேட்கவில்லை. தொப்பியைத் தொட்டு, ஏழு பேரும் இருக்கிறோமா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். காடு எங்களுக்கும்தான் என்று எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

அந்தக் காட்டைக் கண்டுபிடித்தவர் எங்களில் மூத்த அக்கா. கணவர் இரவு ஷிப்ட் முடித்து வந்து பகல் முழுக்கத் தூங்குவார். அந்தச் சின்ன பிளாட்டில் அக்கா இருமுவதற்கும் பயந்துகொண்டு இருப்பார். ஞாயிறு காட்டில் மட்டும் வாய்விட்டுச் சிரிப்பார், பாடுவார், எங்களை நக்கலடிப்பார்.

2009 பிறந்தது. வன்னியிலிருந்து சாவுச் செய்திகள் வரத் தொடங்கின. கடையில் மரக்கறி பொறுக்கிக்கொண்டிருந்தபோது எனக்குப் பின்னால் ஒருத்தி சொன்னாள்: "அங்க சனம் செத்துக்கொண்டிருக்குது, இவைக்கு இங்க காட்டுக்க உலாத்தக் கேக்குது."

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்று தெரிந்தும் நான் அந்தச் சட்டத்தைப் போட்டு மூடப் பார்த்தேன்.

மார்ச் மாதம் அக்காவின் கணவருடைய தமையன் ஷெல் விழுந்து செத்துப்போனார். எட்டாம் நாள் அக்கா எனக்குப் போன் எடுத்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது.

"நான் இந்த ஞாயிறு வரட்டோ?"

"துடக்கெல்லோ அக்கா. சனம் என்ன கதைக்கும்? முப்பத்தொரு நாளும் முடியட்டும், பிறகு வாங்கோ."

"வீட்டுக்க இருக்க ஏலாமக் கிடக்கு."

"கொஞ்ச நாள்தானே."

"ஓம்" என்று வைத்துவிட்டார்.

இருபத்துநான்காம் நாள் மாமியார் செத்த செய்தி வந்தது. உடலும் இல்லை, செத்த நாளும் சரியாகத் தெரியாது. செய்தி வந்த நாளிலிருந்து புதிதாக எண்ணத் தொடங்கினார். ஏப்ரல் கடைசியில் கணவரின் தம்பி. திரும்பவும் ஒன்று, இரண்டு, மூன்று. இதற்குள் மற்றவர்களுக்கும் செய்தி வந்து, ஒவ்வொருத்தராக நின்றுபோய், காட்டில் மூன்று பேர்தான் மிஞ்சினோம். மற்றவர்கள் எங்கே என்று நாய்க்காரர் கேட்பார். வேலை அதிகம் என்பேன்.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை எனக்கும் சாவுச் செய்தி போனில் வந்தது. என் தம்பி.

நான் யாரிடமும் சொல்லவில்லை. கலியாணம் கட்டிப் போனவளுக்குப் பிறந்த வீட்டுத் துடக்குக் குறைவு என்று எனக்கு நானே அப்புக்காத்தாகி வாதாடினேன். ஊருக்குப் போட்ட சட்டம் எனக்கு என்று வந்ததும் நெகிழ்ந்துவிட்டது. ஞாயிறு விடிய, சப்பாத்தைக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். அந்தச் சுவர்களுக்குள் இன்னொரு மணித்தியாலம் இருந்திருந்தால் எனக்கு விசர் பிடித்திருக்கும்.

காட்டில் நாய்க்காரர் எதிரே வந்தார். இன்றைக்கும் மூன்று பேர்தானா என்றார். வேலை என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் தம்பி செத்துவிட்டான் என்று ஆங்கிலத்தில் வந்துவிட்டது. என் புருஷனுக்குக்கூடச் சொல்லாததை நாயோடு நின்ற ஒரு அந்நியருக்குச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார்.

எனக்குப் பின்னால் நின்றவள் ஈர இலைகளின்மேல் அப்படியே குந்திவிட்டாள்.

"என்ர அண்ணை போய்ப் பத்து நாள். சொன்னா விடமாட்டீங்களெண்டு சொல்லேல்ல."

மற்றவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு மாமனார். மூன்று பேரும் ஒளித்துக்கொண்டுதான் வந்திருந்தோம். உண்மையைச் சொன்னவர்கள்தான் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள், எல்லோருக்கும் முதலில் அக்கா. எனக்கு என்மீதே அருவருப்பாக இருந்தது.

அக்காவைக் கூட்டிக்கொண்டு வருவோம் என்று அப்படியே பஸ் ஏறினோம். சட்டம் விசர்ச் சட்டம், மன்னியுங்கோ என்று சொல்ல வேண்டியதை வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

அக்கா கதவைத் திறந்தார். பாதியாகிப் போயிருந்தார். உள்ளே கணவர் தூங்குகிறார் என்று விரலை வாயில் வைத்துக் காட்டினார். பிறகு எங்கள் சப்பாத்துகளில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தார். முகம் கொஞ்சம் மலர்ந்தது.

"இண்டைக்கும் போனனீங்களோ?" என்று மெல்லக் கேட்டார். "அப்ப உங்கட பக்கத்தில ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. உங்கட ஆக்களெண்டாலும் தப்பீட்டினம். எனக்கு அது போதும்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"தேத்தண்ணி குடியுங்கோ எண்டும் சொல்ல ஏலாது. துடக்கு வீடு. இன்னும் பதினொரு நாள் கிடக்கு."

என் பையில் பிளாஸ்க் இருந்தது. நாங்களும் துடக்குக்காரர்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வாசலிலேயே நாலு பேரும் குடித்திருக்கலாம்.

"பதினொரு நாள் முடிய வாறமக்கா" என்றேன்.