நானாவின் பெயரில் ஓடிய மெஷின்

துறைமுகத்துக்குப் போகும் வீதியில், கொட்டாஞ்சேனைப் பக்கமாக இருந்த ஒரு புகைப் பரிசோதனை நிலையத்தில் பதினான்கு வருடம் வேலை செய்தேன். லொறி, எண்ணெய்ப் பவுசர், கொண்டேனர் இழுக்கும் பிரைம் மூவர் என்று பெரிய வாகனங்கள்தான் எங்களிடம் வரும். வருட லைசன் எடுக்குமுன் புகைச் சான்றிதழ் எடுக்க வேண்டும். லைசன் இல்லாத லொறியைத் துறைமுக வாசலில் உள்ளே விடமாட்டார்கள். எனவே எங்களிடம் வருகிற டிரைவர்மாரின் முகம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் எடுக்க நிற்கிறவர்களின் முகம் மாதிரி இருக்கும்.

வேலை சுலபமானது. புகைக்குழாய்க்குள் ஒரு கம்பியைச் செருக வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஏறி உட்கார்ந்து எக்சிலேட்டரை ஒரே மூச்சில் தரைவரை மிதிக்க வேண்டும். முதல் மிதியில், அந்த எஞ்சினின் உச்ச வேகம் எவ்வளவு என்பதை மெஷின் படித்துக்கொள்ளும். அடுத்தடுத்த மிதிகளை அந்த உச்சத்தோடு வைத்துத்தான் அளக்கும். முதல் மிதியை அரைவாசியில் நிறுத்தினால் அரைவாசிதான் உச்சம் என்று மெஷின் நம்பிவிடும். கரும்புகை கிளம்புகிற வேகத்துக்கு எஞ்சின் போகவே போகாது. முதல் மிதியில் பொய் சொன்னால் மற்ற மிதிகளுக்கு அதுவே உண்மை.

இது டிரைவர்மாருக்கும் தெரியும். ஆகவே எங்கள் இடத்தில் அவர்களை இறக்கிவிட்டு நாங்களே ஏறி மிதிப்போம். அவர்கள் கீழே நின்றுகொண்டு, "ஹெமின் அய்யே, ஹெமின்" என்று சிங்களத்தில் கெஞ்சுவார்கள். மெதுவாக, அண்ணே, மெதுவாக. நான் கேளாதவன் மாதிரி மிதிப்பேன்.

ஓ.எல். பரீட்சை வரைதான் படித்தேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச வராது. கடையில் மிச்சக் காசு குறைந்தால்கூடத் திருப்பிக் கேட்கமாட்டேன். அப்படிப்பட்டவனுக்கு இந்த வேலை பிடித்திருந்ததில் ஆச்சரியமில்லை. பாஸ், பெயில் இரண்டையும் மெஷினே சொல்லிவிடும். மெஷின் சொன்னதை வாயால் சொல்ல என்னோடு வேலை செய்த நானா இருந்தார். கொச்சிக்கடையில் வீடு. என்னைவிட இரண்டு வயது இளையவர். முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள், ஆகவே நான் அவரை நானா என்பேன், அவர் என்னை அண்ண என்பார். யார் மூத்தவர் என்று இருவருமே பார்க்கவில்லை.

பெயிலான லொறிக்காரரிடம் அவர் போய்ச் சொல்கிற விதத்தில் பாதிக் கோபம் அடங்கிவிடும்.

"மாமா, ஒங்கட லொறிக்கு ஆஸ்மா ஈக்கிது. மருந்து எடுத்துட்டு கூட்டிட்டு வாங்க."

"போன வருஷம் பாஸ்தானே?"

"போன வருஷம் ஒங்களுக்கும் பல்லு ஈந்திச்சி. இப்ப எங்க?"

வரிசையில் நிற்கிற மற்ற டிரைவர்மார் சிரிப்பார்கள். பல் போனவரும் சிரிப்பார்.

எங்கள் இருவருக்கும் தனித்தனி அட்டை, தனித்தனி இரகசிய எண். சோதிக்கிறவர் தன் எண்ணைப் போட்டு மெஷினைத் திறக்க வேண்டும், அவர் பெயர் பதிவில் விழும். இதுதான் சட்டம். ஆனால் ஒருவரை மூடி இன்னொருவரைத் திறந்தால், மெஷின் மறுபடியும் தன்னைச் சரிபார்த்து எழும்பப் பத்து நிமிடம் எடுக்கும். வெளியே லொறிகள் ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்கும். ஆகவே காலையில் யார் முதலில் வருகிறாரோ அவருடைய எண்ணில் திறப்போம், மாலை வரை அப்படியே ஓடும். நானா நடந்து வருகிறவர். நான் வெள்ளவத்தையில் ரயில் ஏறி, கோட்டையில் இறங்கி, பஸ் பிடித்து வருகிறவன். எனவே மெஷின் எப்போதும் அவர் பெயரில்தான் இருந்தது. நான் சோதித்த ஆயிரக்கணக்கான லொறிகள் அவர் கணக்கில் விழுந்தன. இதில் தவறு இருப்பதாக இருவருக்குமே தோன்றவில்லை. மெனேஜருக்கும் தெரியும்.

மனைவிக்கு ஒரே அண்ணன். என் மச்சான். பழைய லொறி ஒன்று வைத்துத் தானே ஓட்டுகிறவர், துறைமுகத்திலிருந்து சாமான் ஏற்றுவார். எங்கள் மகன் காய்ச்சல் முற்றிக் களுபோவில ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டு நாளும் ஓட்டத்தை விட்டுவிட்டு வாசலில் இருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்.

"வெள்ளிக்கிழமையோட லைசன் முடியுது," என்றார், சோற்றைப் பிசைந்தபடி.

"டீசல் பம்ப திருத்தக் குடுக்க வேணுமெண்டு சொன்னீங்கள்?" என்று மனைவி கேட்டாள்.

"குடுத்தா ரெண்டு கிழமை நிக்க வேணும். அதுக்கிடையில என்ர ஓட்டத்த வேற ஆள் பிடிச்சிடுவான். ஒரு தரம் விட்டா விட்டதுதான்." பிறகு என்னைப் பார்த்தார். "நீர் அங்க இருக்கிறீர்தானே."

"ஓம்," என்றேன். இருக்கிறேன் என்ற பொருளில்தான் சொன்னேன். அவர் வேறு பொருளில் எடுத்துக்கொண்டார். அவர் எடுத்துக்கொண்டதும் எனக்குத் தெரிந்தது. மனைவி அவர் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

அவர் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டே முக்காலுக்கு வந்தார். அந்த நேரத்தைத் தெரிந்து வந்தாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. நானா ஜும்மாத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். மெனேஜர் சாப்பிடப் போயிருந்தார். மெஷின் நானாவின் பெயரில் திறந்தபடி இருந்தது.

மச்சான் இறங்கினார், நான் ஏறினேன். அவர் 'ஹெமின்' என்று சொல்லவில்லை. போனைப் பார்த்துக்கொண்டு மதில் நிழலில் நின்றார். எஞ்சின் சூடாகும்வரை காத்திருந்தேன். முழுவதும் மிதித்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும், அந்த லொறி காலையில் அவர் வீட்டு ஒழுங்கையில் கிளம்பினால் மேல்வீட்டுக்காரர்கள் ஜன்னலை மூடுவார்கள். மெஷின் 'மிதி' என்று காட்டியது. பதினான்கு வருடம் தரைவரை போன கால் அன்று அரைவாசியில் நின்றது. யாரும் அதைப் பிடிக்கவில்லை. நானே நிறுத்தினேன்.

பாஸ்.

தாளைக் கொடுத்தபோது மச்சான் என் தோளைத் தட்டினார். "பின்னேரம் வீட்ட வாறன்," என்றார். நானா திரும்பி வந்து தொப்பியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தபடி, "ஒண்டும் வரல்லையா?" என்று கேட்டார். "ஒரு லொறி," என்றேன். அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்து பேலியகொடைப் பக்கம் வீதியில் வைத்து மச்சானின் லொறியை மறித்தார்கள். பொலிஸோடு புகை சோதிக்கிறவர்களும் நின்றிருந்தார்கள். அங்கேயே மிதித்துப் பார்த்தார்கள். இப்படிப் புகைக்கிற லொறிக்கு இரண்டு மாதத்துக்கு முன் சான்றிதழ் கொடுத்தது யார் என்று பதிவைத் தோண்டினார்கள். அந்த எஞ்சினுக்கு உரிய உச்ச வேகம் ஒன்று, எங்கள் மெஷின் படித்திருந்தது அதில் அரைவாசிக்குக் கொஞ்சம் மேல். சோதித்தவர் பெயர்: நானாவின் பெயர்.

மெனேஜர் அவரைக் கூப்பிட்டு அந்தத் தாளைக் காட்டினார். நானா கதவைச் சாத்தாமலே வெளியேறினார். நேரே என்னிடம் வந்தார்.

"அண்ண, வெள்ளிக்கிழம பன்னெண்டு அம்பத்தஞ்சி. நான் பள்ளியில."

நான் கம்பியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அது யார்ட லொறி எண்டு ஞாபகம் ஈக்கா?"

"தெரியாது," என்றேன்.

அவர் தன் அட்டையை எடுத்துக் காட்டினார். "பள்ளிக்குப் போன எண்டு சொன்னா, மெஷின தொறந்து வெச்சிட்டுப் போனதும் குத்தம். போகல்ல எண்டு சொன்னா நாந்தான் கள்ளன். புதன்கிழம விசாரணையாம். இந்தக் கார்ட் போனா வேற எந்த ஸ்டேஷன்லயும் என்னய எடுக்க மாட்டாங்க, அண்ண. எனக்கு நாப்பத்தெட்டு வயசு. வேற தொழில் தெரியா."

அந்த மூன்று நாளும் அவர் யாரிடமும் ஆஸ்மா என்று சொல்லவில்லை. பெயில் என்றால் தாளை மட்டும் நீட்டினார். டிரைவர்மார் சண்டை பிடித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மாலை மச்சானிடம் சொன்னேன். மனைவியும் இருந்தாள்.

"அந்த மனிசன்ட வேலை போகப் போகுது," என்றேன்.

"நான் உம்மட்ட மெதுவா மிதிக்கச் சொன்னனானோ?" என்று மச்சான் கேட்டார். கோபமில்லை. உண்மையாகவே கேட்டார். "பெயிலெண்டா பெயிலெண்டு சொல்லியிருக்கலாமே. பம்ப குடுத்திருப்பன்."

அவர் சொன்னதில் பிழையில்லை.

அவர் போன பிறகு மனைவி, "அண்ணாவ மாட்டிவிடப் போறீங்களோ?" என்று கேட்டாள்.

"அவற்ற லொறிய ஏற்கெனவே பிடிச்சாச்சு. மாட்டுப்படுறது நான்."

"அப்ப சும்மா இருங்கோவன்," என்றாள். சொல்லிவிட்டு அவளே தலையைக் குனிந்துகொண்டாள்.

விசாரணையில் வாய் திறந்து பேச என்னால் முடியாது என்று தெரியும். ஆகவே எழுதினேன். எனக்குச் சிங்களம் பேசத் தெரியும், எழுதத் தெரியாது. தமிழில் ஒரு தாள், இரண்டு பக்கமும். மூன்று தரம் கிழித்து நான்காம் தரம் எழுதினேன்.

புதன்கிழமை பத்து மணிக்கு மெனேஜரின் அறைக்குள் போனேன். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். நானா கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தார். தாளை மேசையில் வைத்தேன். அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெனேஜரிடம் தள்ளினார். இருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது அந்த நொடி வரை என் புத்தியில் ஏறவில்லை. தமிழில் கடிதம் வந்தால் வாசித்துச் சொல்கிற வேலையும் எங்கள் இடத்தில் நானாவுடையது. மெனேஜர் வழக்கம்போல அவரிடம் நீட்டினார்.

"கியவன்ன," என்றார். வாசி.

நானா முதலில் மனதுக்குள் வாசித்தார். முதல் பக்கம் முடிந்ததும் தாளைத் திருப்பினார். பிறகு மேலேயிருந்து ஆரம்பித்து, வரிவரியாகச் சிங்களத்தில் சொன்னார். அந்த லொறி என் மனைவியின் அண்ணனுடையது. சோதித்தவன் நான். முதல் மிதியை நான் முழுவதும் மிதிக்கவில்லை. நானா அந்த நேரம் பள்ளியில் இருந்தார், அவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. மெஷினை ஒருவர் பெயரில் திறந்து இருவர் வேலை செய்வது இங்கே நீண்ட நாள் வழக்கம். மெனேஜர் அந்த வரியில் இருமினார்.

அதற்குப் பிறகு இன்னொரு வரி இருந்தது. யாருடைய லொறி என்று நானா கேட்டபோது, தெரிந்துகொண்டே தெரியாது என்று சொன்னேன் என்று எழுதியிருந்தேன். அந்த வரியில் அவர் நின்றார். பிறகு தாளை மடித்தார்.

"எச்சரய், சேர்," என்று முடித்தார். அவ்வளவுதான்.

அதிகாரி என்னைப் பார்த்து, சரியா என்று கேட்டார். "ஹரி," என்றேன், சரி என்று.

என் அட்டையை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். மெஷினைத் திறந்து வைத்துப் போனதற்கு நானாவுக்கு மூன்று கிழமை வேலை இடைநிறுத்தம், அட்டை தப்பியது. மெனேஜருக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

வாசலில் அவருக்காக நின்றேன். அவர் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"அந்தக் கடைசி வரிய அவங்களுக்கு என்னத்துக்கு?" என்றார். "அது ஒங்களுக்கும் எனக்கும் உள்ளது. எழுதிக் குடுக்காம, இப்ப வாயால சொல்லுங்க பாப்பம்."

ஒரு பிரைம் மூவர் உள்ளே திரும்பியது. அது போய் முடியும்வரை அவர் நகரவில்லை.

"நானா, நீங்க கேட்டநேரம் எனக்குத் தெரியும்," என்றேன். "மச்சான்ட லொறி எண்டு தெரியும். தெரிஞ்சுதான் அப்பிடிச் சொன்னனான்."

அவர் தலையாட்டினார். மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன்.

"அண்டைக்கே இத சொல்லியிருந்தா, நாம ரெண்டு பேரும் சேந்தே உள்ளுக்குப் போயிருப்பம்," என்றார். "யார் செஞ்சிருப்பாங்க எண்டு மூணு ராவு நான் ஒவ்வொருத்தன்ட மொகத்தயும் நெனச்சி நெனச்சிப் பாத்த. மெனேஜர நெனச்ச. கூட்ற பொம்பளயக்கூட நெனச்ச. ஒங்கட கால் பாதியில நிக்காது எண்டு ஒங்கள மட்டும் நெனக்கல்ல."

கொச்சிக்கடைப் பக்கம் நடந்துபோனார். நான் எதிர்ப்பக்கம் போய், கோட்டைக்குப் போகிற பஸ்ஸுக்காக நின்றேன். இரண்டு பஸ்களை ஏறாமல் விட்டேன். மூன்றாவதில் ஏறினேன்.